கதவுக்கு வெளியே நின்ற சிறுமி
மேரி ஸ்லெசர் அம்மையாரின் ஜீவிய சரித்திரம்



சனிக்கிழமை ராத்திரி. ஸ்காட்லாந்து தேசத்தில் டண்டீ என்கிற மில் பட்டணம். அன்றைக்குச் சம்பள நாள். ஒரு ஏழை வீட்டில் சின்னப் பிள்ளைகளையெல்லாம் அம்மா நேரத்தோடு தூங்க வைத்துவிட்டாள். மூத்த பெண் மட்டும் விழித்திருக்கிறாள். அம்மாவும் மகளும் கையில் ஊசியும் நூலுமாக வாய்பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கண் தையலில் இருக்கிறது. காது வாசற்படியில் இருக்கிறது. அப்பா வரப்போகிறார்.

வருவார். குடிச்சிட்டுத்தான் வருவார். தாங்கள் அரைவயிறாக இருந்து அவருக்கென்று எடுத்து வைத்த சாப்பாட்டை எடுத்து நெருப்பிலே வீசுவார். வசவும் ரகளையும் வீட்டை நிரப்பும். கடைசியில் அந்தச் சிறுமி வீட்டை விட்டு வெளியே ஓட வேண்டியதாகிவிடும். குளிரில், இருட்டில், தன்னந்தனியே தெருத்தெருவாக அழுதுகொண்டே நடப்பாள். இது ஒரு நாள் நடந்த காரியம் அல்ல, பிரியமானவர்களே. வாரா வாரம் நடந்தது.

அந்தச் சிறுமியின் பெயர் மேரி மிட்செல் ஸ்லெசர். பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் காலபார் நாட்டில் காட்டில் எறியப்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து மார்பிலே போட்டு வளர்த்த அதே மேரி ஸ்லெசர்தான். அவரைப் பற்றி நம்மில் அநேகர் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சனிக்கிழமை ராத்திரிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறோமா? அந்த ராத்திரிகளைத் தெரிந்துகொள்ளாமல் அவருடைய ஊழியத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

வீட்டுக்குள் ஒரு ரகசியம்

மேரி 1848-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி அபர்டீன் பட்டணத்தில் பிறந்தாள். ஏழு பிள்ளைகளில் இரண்டாவது. தகப்பன் ராபர்ட் ஸ்லெசர் செருப்புத் தைக்கிறவர். கைத்தொழில் தெரிந்த மனுஷன்தான். ஆனால் குடி அவரைப் பிடித்துக்கொண்டது. தொழில் போயிற்று. 1859-ல் குடும்பம் பிழைப்புத் தேடி டண்டீக்கு வந்தது. அங்கே தகப்பன் மில்லில் கூலியாள். ஊர் மாறினது, குடி மாறவில்லை.

தாயார் பெயரும் மேரிதான். தேவபயமுள்ள ஸ்திரீ. நெசவு தெரிந்தவள். வீட்டுச் செலவுக்கு அவளும் மில்லுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பிள்ளைகளுக்குத் துவைத்த துணி உடுத்தி, கைக்குட்டையில் ஒரு சொட்டு வாசனைத் தைலம் போட்டு ஆலயத்துக்கு அழைத்துக்கொண்டு போவாள். முந்தின ராத்திரி அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஆலயத்தில் யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்துக்கும் தெரியக்கூடாது என்றுதான் அந்தத் தாய் பாடுபட்டாள். புருஷனுடைய மானம், குடும்பத்தின் மானம், பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாவற்றையும் நினைத்துத்தான் மூடி மறைத்தாள். அவளைக் குறை சொல்ல நமக்கு மனசு வரவில்லை. அந்த நாளில் ஒரு ஏழைப் பெண் யாரிடத்தில் போய்ச் சொல்லுவாள்? சொன்னாலும் யார் கேட்பார்கள்?

ஆனால் அந்த ரகசியத்தின் பாரத்தைச் சுமந்தது யார்? மூத்த பெண்பிள்ளை சுமந்தது. காசு இல்லாத வாரத்தில் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் அடகுக்கடைக்கு ஓடுகிறவள் அவள். கிடைத்த காசைக் கொண்டுபோய்க் கடனை அடைக்கிறவளும் அவள்தான்.

பதினோரு வயதில் மேரியும் மில்லுக்குப் போனாள். பாக்ஸ்டர் சகோதரர்களின் மில்லில் பாதி நாள் வேலை, பாதி நாள் மில் பள்ளிக்கூடம். பதினான்கு வயதானபோது முழுநாள் வேலை. காலை 6 மணிக்குத் தறிக்கு முன்னால் நின்றால் சாயங்காலம் 6 மணிக்குத்தான் விடுதலை. சாப்பாட்டு நேரம் மட்டும் இடைவேளை. தறியின் மேலே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நூல் ஓடுகிற நேரத்தில் இரண்டு இரண்டு வரியாகப் படித்துக்கொள்வாள். அவள் படித்த படிப்பெல்லாம் அப்படிப் படித்ததுதான்.

காயப்பட்ட பிள்ளைக்கு உள்ளே என்ன ஆகும் என்று மேரியைப் பார்த்தால் தெரியும். வளர்ந்த பிறகும் தனியாகத் தெருவைக் கடக்கப் பயப்படுவார். கூட்டத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தால் பேச வாய் வராது. எதிரே ஆண்முகம் இருந்தாலே நடுங்குவார். அந்தச் சனிக்கிழமை ராத்திரிகள் விட்டுப்போன தழும்பாகத்தான் இது இருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆண்டவர் அவரை இரட்சித்தார், அழைத்தார், உபயோகித்தார். ஆனாலும் அந்தத் தழும்பு ஒரே நாளில் மறைந்துபோகவில்லை. இதை நாம் கவனிக்க வேண்டும். சிறுபிராயத்தில் அடிபட்ட ஒருவர் இன்னும் பயப்படுகிறார் என்றால், அவருக்கு விசுவாசம் இல்லை என்று சட்டென்று தீர்த்துவிடக் கூடாது.

ஈயக்குண்டுக்கு முன்னால்

சிறு வயதிலேயே மேரி தன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாள். ஒரு வயதான விதவைத் தாய் தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டு அடுப்பு நெருப்பைக் காட்டி நித்தியத்தைப் பற்றி எச்சரித்தாள். அந்தப் பயத்தில்தான் முதலில் ஆண்டவரிடத்தில் வந்தாள். ஆனால் அவள் ஆண்டவரிடத்தில் தங்கினது பயத்தினால் அல்ல. வீட்டில் கிடைக்காத தகப்பனுடைய அன்பு அங்கே கிடைத்தது. பிற்காலத்தில் அவர் மற்றவர்களைப் பயமுறுத்தி அல்ல, அன்பினாலேயே ஆதாயப்படுத்தினார்.

டண்டீயின் சேரித்தெருக்களில் ஒரு மிஷன் வேலை நடந்தது. மில் வேலை முடிந்து வந்து மேரி அதிலே உழைத்தார். தெருவில் திரிகிற முரட்டுப் பையன்கள் அந்தக் கூட்டத்தைக் கலைக்கப் பார்த்தார்கள். ஒரு நாள் அவர்கள் மேரியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் தலைவன் ஒரு கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி அவர் தலையைச் சுற்றிச் சுழற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் குண்டு கிட்டக் கிட்ட வந்தது. நெற்றியை உரசுகிற அளவுக்கு வந்தது. மேரி அசையவில்லை. கண்ணை மூடவுமில்லை. கடைசியில் அவன்தான் கயிற்றைக் கீழே போட்டான். அவனும் அவன் கூட்டமும் அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவன் பிற்காலத்தில் நல்ல குடும்பஸ்தனாகி, தன் மனைவி பிள்ளைகளோடு எடுத்த படத்தை மேரிக்கு அனுப்பினான். அந்தப் படம் ஆப்பிரிக்காவில் அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது.

பாருங்க, தெருவைக் கடக்கப் பயப்படுகிறவர் ஈயக்குண்டுக்குப் பயப்படவில்லை. அந்தப் பையன்களும் தன்னைப்போல வீட்டிலே அடிபட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் என்று அவருக்குத் தெரியும். வெளியே தள்ளப்பட்ட பிள்ளையை அவருக்கு நன்றாக அடையாளம் தெரியும். தானும் வெளியே நின்றவர்தானே!

தகப்பன் மரித்தார். சகோதரர்களும் மரித்தார்கள். தாயாரையும் இரண்டு தங்கைமாரையும் மேரியே மில் சம்பளத்தில் காப்பாற்றினார்.

காலபாருக்கு அழைப்பு

காலபார் என்பது இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்குக் கோடி. 1846-ல் அங்கே சுவிசேஷ ஊழியம் தொடங்கியது. அதைத் தொடங்கினவர்கள் ஜமாய்க்காவிலிருந்து போன ஸ்காட்லாந்து மிஷனெரிகளும், அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான ஜமாய்க்கா விசுவாசிகளும். மேரியின் தாயார் மிஷன் பத்திரிகையில் அந்தச் செய்திகளைப் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். 1873-ல் டேவிட் லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்காவில் மரித்தார். அந்தச் செய்தி ஸ்காட்லாந்தையே அசைத்தது. மேரியும் அப்போது தீர்மானம் பண்ணினார். 1875-ல் தன் சபையின் மிஷன் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார். 1876 ஆகஸ்ட் 5-ஆம் தேதி எத்தியோப்பியா என்கிற கப்பலில் ஏறினார். செப்டம்பரில் காலபார் வந்து சேர்ந்தார். வயது 27.

கப்பலில் ஏறும்போதே அவர் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? சாராயப் பீப்பாய்கள். வரிசை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பேய் தன் வீட்டைக் கெடுத்ததோ, அதே பேய் தன்னோடு அதே கப்பலில் ஆப்பிரிக்காவுக்குப் பிரயாணம் செய்கிறதை அவர் கண்டார். அந்தப் பீப்பாய்களை ஏற்றி அனுப்பினவர்கள் ஐரோப்பிய வியாபாரிகள். அந்த நாளில் ஆப்பிரிக்காவை இருண்ட கண்டம் என்றார்கள். ஆனால் மேரி இருட்டை முதன்முதலாகப் பார்த்தது ஆப்பிரிக்காவில் அல்ல. ஸ்காட்லாந்தில், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள்ளே பார்த்தார். அதனால்தான் காலபார் ஜனங்களை அவர் மேலிருந்து கீழே பார்க்கவில்லை. அவர்கள் பாஷையை அவர்களைப்போலவே பேசினார். அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டார். மண் வீட்டில் குடியிருந்தார். செருப்பில்லாமல் காட்டுப்பாதையில் நடந்தார்.

இரட்டைப் பிள்ளைகள்

அந்தப் பகுதியில் பல ஊர்களில் ஒரு பயங்கரமான நம்பிக்கை இருந்தது. ஒரு ஸ்திரீக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தால், அதில் ஒன்று கெட்ட ஆவிக்குப் பிறந்தது என்று நம்பினார்கள். எது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே இரண்டையும் கொன்றுபோடுவார்கள். மண்பானையில் திணித்துக் காட்டிலே வைத்துவிட்டு வருவார்கள். பெற்றவளை ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள். அவள் தொட்டது தீட்டு, நடந்த பாதை தீட்டு. 1878-ல் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் காலபார் தலைவர்களோடு உடன்படிக்கை செய்து இந்தக் கொலையைத் தடை செய்தார். காகிதத்தில் தடை வந்தது. உள்நாட்டுக் கிராமங்களில் பானைகள் நிரம்பிக்கொண்டுதான் இருந்தன.

காட்டில் இரட்டைப் பிள்ளைகள் எறியப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்தால் மேரி அம்மையார் ராத்திரி என்று பார்க்கமாட்டார், மழை என்று பார்க்கமாட்டார். ஓடுவார். உயிரோடிருக்கிற பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வருவார். அவர் வீட்டில் எப்போது பார்த்தாலும் கைக்குழந்தைகள் இருக்கும். துணியிலே தூளி கட்டி, ஒவ்வொரு தூளியிலும் ஒரு கயிறு கட்டிக்கொள்வார். ராத்திரி படுத்தபடியே, எந்தப் பிள்ளை அழுகிறதோ அந்தக் கயிற்றை இழுத்து ஆட்டுவார். தான் சிறுமியாக ராத்திரியில் அழுதுகொண்டு அலைந்தபோது ஏனென்று கேட்க ஒருத்தருமில்லை. இப்போது தன் கூரையின் கீழ் ஒரு பிள்ளையும் கேட்பாரில்லாமல் அழக்கூடாது என்று கயிற்றைக் கையிலே பிடித்துக்கொண்டு தூங்கினார்!

அப்படி முதல் முதலாகக் கிடைத்தவர்களில் ஒருத்தி ஜேனி. தன் தங்கையின் பெயரையே அந்தக் குழந்தைக்கு வைத்தார். ஜேனியோடு பிறந்த ஆண்குழந்தையும் கூடவே இருந்தது. மேரி அம்மையார் கொஞ்ச நேரம் வெளியே போயிருந்த சமயத்தில் உறவுக்காரர் வந்து, தாங்களே வளர்ப்பதுபோல நயமாகப் பேசி அந்தப் பையனை எடுத்துக்கொண்டு போனார்கள். கொன்றுபோட்டார்கள். அந்தத் துக்கத்திலிருந்து அவர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். உறவு என்று சொல்லிக்கொண்டு வருகிற கை எல்லாம் பாதுகாப்பான கை அல்ல. அதன்பிறகு ஜேனியை அவர் தன் கண்ணைவிட்டு அகல விடவில்லை. 1883-ல் சுகவீனமாய் ஸ்காட்லாந்துக்குப் போனபோது அந்தக் கைக்குழந்தையையும் கூடவே கொண்டுபோனார்.

1885-ல் திரும்பி வந்த பிறகு நடந்ததைக் கேளுங்க. ஜேனியைப் பெற்ற தகப்பன் தூரத்தில் நின்று அவளைப் பார்க்க மட்டும் சம்மதித்தான். கிட்ட வரப் பயம். மேரி அம்மையார் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, குழந்தையின் சின்னக் கைகளை அவன் கழுத்தைச் சுற்றிப் போட்டார். அந்த மனுஷன் நடுங்கினான். ஆனால் பிள்ளையின் ஸ்பரிசம் அவனை உடைத்துவிட்டது. மடியிலே வைத்துக்கொண்டான். அதுமுதல் அடிக்கடி தின்பண்டத்தோடு மகளைப் பார்க்க வந்தான். தன் சொந்தத் தகப்பன் மனம் மாறினதை மேரி அம்மையார் பார்த்ததில்லை. வேறொரு சிறுமியின் தகப்பன் மனம் மாறினதைக் கண்ணாரக் கண்டார்.

ஒக்கோயாங் நாட்டில்

1886 தொடக்கத்தில் தாயாரும், சில மாதத்தில் கடைசித் தங்கையும் ஸ்காட்லாந்தில் மரித்தார்கள். இனி ஊரில் கடிதம் எழுதக்கூட ஆளில்லை. அழுதார். பிறகு, இனி நான் எங்கே போனாலும் கவலைப்பட யாருமில்லையே, அப்படியானால் யாரும் போகாத இடத்துக்குப் போகலாமே என்று தீர்மானித்தார். 1888 ஆகஸ்டில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஆற்றுவழியாகவும் காட்டுவழியாகவும் ஒக்கோயாங் நாட்டின் எக்கெங்கே கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே 15 வருஷம் இருந்தார்.

அந்த நாட்டில் யாராவது செத்தால் அது சூனியம் என்பார்கள். சந்தேகப்பட்டவர்களுக்கு விஷக்கொட்டையை அரைத்துக் கொடுப்பார்கள். பிழைத்தால் குற்றமில்லாதவன், செத்தால் குற்றவாளி. தலைவன் ஏடெமின் மகன் மரம் விழுந்து அடிபட்டுச் செத்தபோது, பத்துப் பன்னிரண்டு பேரைச் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். மேரி அம்மையார் இரவும் பகலும் அவர்களுக்குக் காவலாக உட்கார்ந்தார். கெஞ்சினார், கோபித்தார், ஜெபித்தார். ஒவ்வொருவராக விடுவிக்கப்பட்டார்கள். கடைசியில் அந்தச் சாவுக்காக ஒரு மனுஷ உயிரும் போகவில்லை.

இதிலெல்லாம் அவருக்குத் துணை நின்றது அந்த ஊர்ப் பெண் ஒருத்தி. தலைவனுடைய சகோதரி மா ஏமே. அவள் வெளிப்படையாக ஊர் வழக்கத்தை எதிர்க்க முடியாது. ஆனால் எங்கேயாவது கொடுமை நடக்கப்போகிறது என்று தெரிந்தால், மருந்து வேண்டும் என்று ஒரு புட்டியைக் கொடுத்தனுப்புவாள். அந்தப் புட்டி வந்தால் அதுதான் அடையாளம். மேரி அம்மையார் உடனே புறப்பட்டுவிடுவார். பார்த்தீர்களா? மேரி அம்மையாரைப்போல எல்லாராலும் காட்டுக்குள் ஓட முடியாது. ஆனால் ஒரு புட்டியையாவது கொடுத்தனுப்ப முடியும். தெரிந்ததைச் சரியான ஆளுக்குச் சொல்லிவிட முடியும். அந்தப் புட்டி காப்பாற்றின உயிர்கள் எத்தனையோ!

ஒரு நாள் இயே என்கிற அடிமைப் பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஓடினார். எதிரே இயே வந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் பிள்ளை பெற்ற உடம்பு. துரத்துகிற கூட்டம் பின்னால். அவள் தலையில் ஒரு சாராயப் பெட்டி. அதற்குள் இரண்டு குழந்தைகளையும் திணித்திருந்தார்கள்! மேரி அம்மையார் அந்தப் பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஆனால் வழக்கமான பாதையில் நடந்து வீட்டுக்குப் போக முடியாது. இரட்டைப் பிள்ளைகள் கடந்த பாதையில் அப்புறம் ஊரார் யாரும் நடக்கமாட்டார்கள். கொதிக்கிற வெயிலில் அந்தத் தாயையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, காட்டை வெட்டிப் புதுப்பாதை போடும்வரை காத்திருந்தார். பெட்டியைத் திறந்தபோது ஆண்பிள்ளை மரித்திருந்தது. பெண்பிள்ளை உயிரோடிருந்தது. அவளுக்கு சூசி என்று பெயர் வைத்தார்.

யோசித்துப் பாருங்க. தன் வீட்டைக் கெடுத்த சாராயம் வந்த பெட்டியிலிருந்து ஒரு உயிரை எடுக்கிறார்! ஐரோப்பா காலிப்பெட்டியாக எறிந்தது அங்கே பிள்ளைகளுக்குச் சவப்பெட்டியாயிற்று. சூசி அதிக நாள் இருக்கவில்லை. ஒன்றரை வயதுகூட நிரம்பாத பருவத்தில் கொதிக்கும் தண்ணீர் பட்டு மரித்தாள். மேரி அம்மையாருக்கு அது தாங்க முடியாத துக்கம். ஆனாலும் இரட்டைக்குழந்தை என்று பயந்த ஜனங்களே அந்தக் குழந்தையை நேசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

நீதி ஸ்தலத்தில் ஒரு தாய்

பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தால் மட்டும் போதாது, அவர்களை எறிகிற வழக்கமே நிற்க வேண்டும் என்று மேரி அம்மையார் கண்டுகொண்டார். குடியைக் குறைக்க என்ன வழி? சும்மா உட்கார்ந்திருக்கிறவன் குடிக்கிறான். ஆகவே ஒக்கோயாங் தலைவர்களைக் காலபாரின் ஏயோ ராஜாவிடத்தில் அழைத்துக்கொண்டுபோய்ப் பேசவைத்து, பாமாயில் வியாபாரத்துக்கு வழி திறந்தார். வேலை வந்தது. குடியும் சண்டையும் குறைந்தது.

1892-ல் அரசாங்கம் அவரை ஒக்கோயாங்கில் உப கன்சலாக நியமித்து, ஊர் நீதிமன்றத்தை அவர் கையில் கொடுத்தது. 1905-ல் இக்கோட் ஓபாங் நீதிமன்றத்தில் உபதலைவர் ஆனார். பிரிட்டிஷ் ராஜ்யத்தில் ஒரு ஸ்திரீ அப்படி உட்கார்ந்து நியாயம் தீர்ப்பது அந்த நாளில் மிக அபூர்வம். ஆண்கள் எதிரே பேச வாய் வராத அதே மேரி ஸ்லெசர், ஆயுதம் பிடித்த தலைவர்கள் மத்தியில் மணிக்கணக்காக உட்கார்ந்து வழக்குக் கேட்டார். கையில் பின்னல் ஊசி ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்குச் சனிக்கிழமை ராத்திரியில் பயத்தோடு ஊசி பிடித்த கைதான் இது. இப்போது நடுங்க வேண்டியவர்கள் பெண்டாட்டியை அடிக்கிறவர்களும் பிள்ளையை எறிகிறவர்களும்! சில நேரம் வாய்ப்பேச்சு போதாதபோது முரட்டுத் தலைவனுடைய காதில் ஒரு அறை கொடுத்துவிடுவார் என்றும் சரித்திரம் சொல்லுகிறது. அவரும் மாம்சமும் இரத்தமும் உள்ள மனுஷிதான்.

பெண்களுக்கு ஆண் துணை இல்லாவிட்டால் பாதுகாப்பே இல்லை என்ற நிலைமையை அவர் கண்டார். ஆகவே யூஸ் என்கிற இடத்தில் துரத்தப்பட்ட ஸ்திரீகள் தாங்களாகவே பயிர்செய்து, கைத்தொழில் செய்து பிழைக்க ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். கலியாணத்துக்கு நிச்சயிக்கப்பட்ட ஒரு மிஷனெரி சகோதரர் அவருக்கு இருந்தார். சுகவீனத்தினால் அவரை உள்நாட்டுக்கு அனுப்ப மிஷன் சங்கம் சம்மதிக்கவில்லை. மேரி அம்மையார் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே வரவில்லை. கலியாணம் நின்றது.

கடைசிக் காலத்தில் வியாதியினால் நடக்க முடியாமல், பிள்ளைகள் தள்ளுகிற சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கிராமம் கிராமமாகப் போனார். 1915 ஜனவரி 13-ஆம் தேதி யூஸில், தான் வளர்த்த பெண்பிள்ளைகள் சுற்றி நிற்க, ஆண்டவருடைய சமுகத்துக்குப் போனார். வயது 66. சரீரத்தை ஆற்றுவழியாய்க் கொண்டுவந்து காலபாரில் அடக்கம் பண்ணினார்கள். காலபார் பட்டணத்தில் இரட்டைக் குழந்தைகளை ஏந்தி நிற்கிற அவருடைய சிலை இருக்கிறது. 1997-ல் ஸ்காட்லாந்தின் கிளைடெஸ்டேல் வங்கி தன் 10 பவுண்டு நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. ஒருகாலத்தில் காசில்லாமல் அடகுக்கடைக்கு ஓடின அதே முகம்!

பிரியமானவர்களே, நமக்கு என்ன?

அடிபட்டு வளர்ந்தவர் எல்லாரும் அடிக்கிறவராகத்தான் ஆவார் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது பொய். மேரி ஸ்லெசர் அடிபட்டு வளர்ந்தார், அணைக்கிறவரானார். வெளியே தள்ளப்பட்டார், மற்றவர்களுக்குத் திறந்த வாசலானார். செடியின் கீழே விடப்பட்ட ஆகாரின் பிள்ளையின் சத்தத்தைக் கேட்ட தேவன், நாணற்பெட்டியில் அழுத மோசேயைக் கண்ட தேவன், டண்டீ தெருவில் அழுத அந்தச் சிறுமியையும் கண்டார். இதை வாசிக்கிற உங்களில் ஒருவருக்கு அப்படி ஒரு ராத்திரி நினைவிலிருந்தால், அது உங்கள் குற்றமல்ல. அந்த வெட்கம் உங்களுடையது அல்ல. அதை நம்பத்தகுந்த ஒருவரிடத்தில் சொல்லுங்கள். தழும்பு மறைய நாளாகலாம். ஆனால் தழும்போடேயே தேவன் உங்களை உபயோகிப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மேரியின் குடும்பம் உட்கார்ந்த பெஞ்சுக்குப் பக்கத்துப் பெஞ்சில் விசுவாசிகள் இருந்தார்களே! துவைத்த துணியையும் வாசனைக் கைக்குட்டையையும் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நம்முடைய சபையிலும் சனிக்கிழமை ராத்திரி அழுதுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடுகிற பிள்ளை இருக்கலாம். ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்னால், தயவுசெய்து வாயை மூடு என்று சொல்லாதீர்கள். அப்பா மானம், மாமா மானம், சபை மானம், ஊழியக்காரர் மானம் என்று மூடாதீர்கள். மன்னித்துவிடு என்று சொல்லி, அடிக்கிற கைக்கே பிள்ளையைத் திரும்ப அனுப்பாதீர்கள். மன்னிப்பு வேறு, பாதுகாப்பு வேறு. மேரி அம்மையார் ஜெபமும் பண்ணினார், நீதிமன்றத்திலும் உட்கார்ந்தார். ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நம் நாட்டில் 1098 என்கிற எண்ணில் குழந்தைகளுக்கு உதவி கிடைக்கிறது. அந்த எண்ணை உங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். அது நம்முடைய கையில் இருக்கிற மா ஏமேயின் புட்டி.

இன்று ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்து விளக்கை அணைக்கும் முன்பு ஒரு நிமிஷம் கவனித்துக் கேளுங்கள். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ கதவுக்கு வெளியே ஒரு பிள்ளை நிற்கிறதா? நின்றால், எழுந்துபோய்க் கதவைத் திறங்கள். ஜெபத்தை அப்புறம் தொடரலாம். ஆண்டவர் காத்திருப்பார். அந்தப் பிள்ளையோடு அவரும் வெளியேதான் நின்றுகொண்டிருக்கிறார்.

ஆமென்.